ஆட்ட நேரம் தெரிந்தால்தானே சாப்பாட்டு நேரம் தெரியும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்துவிட்டால் பாளையங்கோட்டை மைதானங்களில் தொடங்கி, உவரி, கூட்டப்புளி போன்ற கடற்கரை ஊர்களின் மணல்வெளி வரைக்கும் கால்பந்துப் போட்டிகள் களைகட்டிவிடுகின்றன. யார் வென்றார்கள், யார் கோல் அடித்தார்கள், சுழற்கோப்பையை வழங்கிய சிறப்பு விருந்தினர் யார் என்பதையெல்லாம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் தவறாமல் படிக்கிறவன் நான். 30 ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அந்தச் செய்திகளில் எப்போதும் விடுபட்டுப்போகும் ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். அந்தப் பிள்ளைகள் அன்றைக்கு என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்பதே அது. நம் பக்கத்து அணிகள் தோற்கும் ஆட்டங்களில் பாதிக்குமேல் இரண்டாம் பாதியில்தான் தோற்கின்றன என்பது என் நெடுநாள் கணிப்பு. அதற்குக் காரணம் காலில் இல்லை, வயிற்றில் இருக்கிறது என்று புரிந்துகொள்ள எனக்குப் பாதிப் பணிக்காலம் தேவைப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஊரையும் போட்டியையும் குறிப்பிட வேண்டியதில்லை. "அனைத்து அணிகளும் காலை 8 மணிக்கு மைதானத்துக்கு வந்துவிட வேண்டும்" என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். அதிகாலை 5.30 மணிக்குப் பையன்கள் ஆளுக்கு இரண்டு இட்லியை விழுங்கிவிட்டுப் பேருந்து ஏறினார்கள். தொடக்க விழா 10 மணிக்கு நடந்தது. எங்கள் ஆட்டம் எப்போது என்று கேட்டபோதெல்லாம் "அடுத்தது உங்களுக்குத்தான் சார்" என்றார்கள். 11.30 மணிக்குப் பசி தாங்காமல் பையன்கள் எதிர்க்கடைக்குப் போய்ப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அவர்கள் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் எங்கள் பள்ளியின் பெயரை அழைத்தார்கள். முதல் பாதியில் 2-0 என்று முன்னிலையில் இருந்த அணி, இரண்டாம் பாதியில் மூன்று கோல் வாங்கித் தோற்றது. ஒருவன் கோட்டுக்கு வெளியே போய் வாந்தி எடுத்தான். இன்னொருவன் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "ஸ்டாமினா பத்தாதுடே" என்று திட்டி, திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் மைதானத்தை இருபது சுற்று ஓடவிட்டேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஓர் ஆட்டத்தில் நடுக்கள வீரர் ஒருவர் 10 முதல் 13 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். ஒரே சீராக ஓடுவதும் இல்லை. நடப்பார், திடீரென்று பாய்வார், நிற்பார், மறுபடியும் பாய்வார். இந்தப் பாய்ச்சலுக்கெல்லாம் எரிபொருள், தசைக்குள் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துதான். 1973-ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு உடலியங்கியல் அறிஞர் பெங்ட் சால்டின் இதை எடுத்துக்காட்டிவிட்டார். தசையில் இந்தச் சேமிப்பு குறைந்த நிலையில் களமிறங்கிய வீரர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த தூரமே ஓடினார்கள், ஓடிய தூரத்திலும் ஏறத்தாழப் பாதியை நடந்தே கடந்தார்கள் என்று அவர் கண்டார். பின்னாளில் டென்மார்க்கில் ஆட்டம் முடிந்தவுடன் வீரர்களின் தசையிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழப் பாதித் தசைநார்களில் கிளைகோஜன் அநேகமாகத் தீர்ந்துபோயிருந்தது. நன்றாகச் சாப்பிட்டு வந்தவர்களுக்கே அப்படி என்றால், அதிகாலையில் இரண்டு இட்லியோடு வந்தவன் இரண்டாம் பாதியில் நடப்பதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியுமா?

ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு கூட்டிய வல்லுநர் குழு, கால்பந்து வீரர்களின் உணவு குறித்து 2020-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆட்டத்துக்கு முந்தைய நாளிலும், ஆட்ட நாளிலும், அதற்கு மறுநாளும் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 6 முதல் 8 கிராம் வரை மாவுச்சத்து வேண்டும் என்பது அதில் முதன்மையான பரிந்துரை. வளர்ந்த தொழில்முறை வீரர்களுக்கான கணக்கு அது. நம் பள்ளி ஆட்டங்கள் பெரும்பாலும் 90 நிமிடம் நடப்பதில்லை என்பதால், கீழ் எல்லையை எடுத்துக்கொண்டால் போதும். 50 கிலோ எடையுள்ள பையனுக்கு 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு எந்த வெளிநாட்டுப் பொருளும் தேவையில்லை. கால் கிலோ அரிசியைச் சமைத்தால் அதில் சற்றேறக்குறைய 195 கிராம் மாவுச்சத்து கிடைத்துவிடும். அதைப் பகல், இரவு என்று இரண்டு வேளைக்குப் பிரித்துக்கொள்ளலாம். காலையில் ஆறு இட்லி, அன்று முழுவதும் மூன்று வாழைப்பழம், இரண்டு டம்ளர் காப்பியோ பாலோ குடிக்கும்போது சேரும் சீனி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு 300-ஐத் தாண்டிவிடும்.

அரிசிச் சோறு உண்ணும் நாட்டில் பிறந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் நிலைமை தலைகீழாக இருக்கிறது. கைப்பேசியில் உடற்கட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "சோறு தின்னா வயிறு போட்டுடும் சார்" என்று அரிசியை ஒதுக்கும் பிள்ளைகளை இப்போது நிறையப் பார்க்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தொப்பைக்குச் சொன்ன மருந்தை, நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஓடும் பதினைந்து வயதுப் பையன் எடுத்துக்கொள்கிறான். பயிற்சி இல்லாத நாளில் சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காய்கறியைக் கூட்டிக்கொள்ளலாம், அதில் தவறில்லை. ஆட்டத்துக்கு முந்தைய நாள் இரவில் சோற்றைக் குறைப்பவன், மறுநாள் களத்தில் தானே குறைந்துபோகிறான்.

அடுத்து, ஆட்ட நாளின் முதன்மையான சாப்பாடு. ஆட்டம் தொடங்குவதற்கு மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு முன்பு, கிலோ எடைக்கு 1 முதல் 3 கிராம் மாவுச்சத்து கிடைக்குமாறு அதைச் சாப்பிட வேண்டும் என்பது அந்த வல்லுநர்களின் கருத்து. மாலை 4 மணிக்கு ஆட்டம் என்றால் 12.30 மணிக்குச் சோறு, அளவான பருப்புக் குழம்பு அல்லது ரசம், எண்ணெய் குறைந்த ஒரு காய், மோர் என்று முடித்துக்கொள்வது நல்லது. காலை 9 மணி ஆட்டத்துக்கு 6 மணிக்கு ஐந்தாறு இட்லியும் ஒரு பழமும் போதும். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெயைக் குளமாக ஊற்றிக்கொள்ளும் நம் வழக்கத்தை அன்று ஒருநாள் விட்டுவிட வேண்டும். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு இறங்க வெகுநேரம் எடுக்கும் என்பதே இதற்குக் காரணம். இதனால்தான் பிரியாணி, பரோட்டா, பூரி, வடை, அல்வா ஆகிய எல்லாம் ஆட்டத்துக்கு முன் ஆகாது என்கிறேன். தேங்காய்ப்பாலில் செய்யும் சொதியும் இதே வரிசையில்தான் சேரும். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி பரிமாறிவிட்டுப் பாயையும் சேர்த்து விரித்துவைக்கும் நம் முன்னோர்கள் அதன் குணம் தெரிந்தவர்கள். அதைச் சாப்பிட்டவன் தூங்கத்தான் வேண்டுமே ஒழிய களத்தின் ஓரமாக விங்கில் ஓடக்கூடாது. பயறு, மொச்சை, கொண்டைக்கடலை போன்றவை நல்ல உணவுகள்தான் என்றாலும் வாயுத் தொந்தரவு தருபவை. ஆட்டத்துக்கு முந்தைய வேளையில் அவற்றையும் தவிர்த்துவிடலாம்.

இந்த விஷயத்தில் நாம் மட்டும் பின்தங்கியவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1996-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆர்சனல் அணிக்குப் பொறுப்பேற்ற பிரெஞ்சுக்காரர் ஆர்சன் வெங்கர், வீரர்களின் சாக்லேட்டை நிறுத்தி, வேகவைத்த மீனும் காய்கறியும் கொடுக்கத் தொடங்கினார். வீரர்கள் பேருந்தின் பின்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் சாக்லேட்டைத் திருப்பிக் கொடு என்று கூட்டாகப் பாடினார்களாம். அங்கேயும் பழக்கம் மாற ஒரு பிடிவாதக்காரர் தேவைப்பட்டிருக்கிறார்.

இவ்வளவும் ஒரே ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. ஆட்டம் எத்தனை மணிக்கு என்று தெரிந்திருக்க வேண்டும். என் கடிதத்தின் நோக்கமே இதுதான். பதினாறு அணிகளை அழைத்து, எல்லோரையும் காலை 8 மணிக்கே வரவழைத்து, யாரோடு யார் மோதுவது என்ற டிராவை அங்கேயே குலுக்கிப் போட்டு, சிறப்பு விருந்தினரின் காருக்காகக் காத்திருந்து நடத்தும் நாக்-அவுட் போட்டியில், மூன்று மணி நேரத்துக்கு முன் சாப்பிடு என்று நான் எந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வது? வெற்றி பெற்றால் அதே நாளில் இரண்டாவது ஆட்டமும் உண்டு. அது ஒரு மணி நேரத்தில் வருமா, நான்கு மணி நேரத்தில் வருமா என்பது போட்டி நடத்துபவர்களுக்கே தெரியாது. வீட்டில் சோறில்லாததால் பட்டினியோடு ஆடும் பிள்ளைகள் இன்று குறைவு. நேரம் தெரியாததால் பட்டினியோடு ஆடுபவர்களே மிகுதி.

அந்தத் தோல்விக்குப் பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நேரம் தெரியாத போட்டிக்குப் போகும்போது ஒரு பெரிய அலுமினியப் போணியில் இட்லி, ஒரு சீப்பு நாட்டுப்பழம், நனைத்துச் சீனியும் துளி உப்பும் கலந்த அவல், கொஞ்சம் கருப்பட்டி, ஒரு குடம் தண்ணீர் ஆகியவற்றை உடன் எடுத்துச் சென்றுவிடுவேன். அதிகாலையில் பெரிய சாப்பாடாகக் கொடுத்துவிட்டு, அதன்பின் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் ஓர் இட்லியோ ஒரு பழமோ மட்டும் கொடுப்பேன். வயிறு நிறையவும் கூடாது, காலியாகவும் கூடாது. எப்போது பெயரை அழைத்தாலும் களமிறங்கத் தயாராக இருக்க வேண்டும். இரண்டு ஆட்டங்களுக்கு இடையே நேரம் கிடைத்தால், முதல் ஆட்டம் முடிந்த உடனேயே அவலும் பழமும் கொடுத்துவிடுவேன். தசை தன் சேமிப்பை வேகமாக நிரப்பிக்கொள்வது ஆட்டம் முடிந்த முதல் சில மணி நேரங்களில்தான் என்பதால், முதல் நான்கு மணி நேரத்துக்கு மணிக்குக் கிலோ எடைக்கு 1 கிராம் மாவுச்சத்து கொடுக்க வேண்டும் என்கிறார்கள் அந்த ஐரோப்பிய வல்லுநர்கள். வாழைப்பழத்தை ஏன் இவ்வளவு நம்புகிறேன் என்றால், அது தோலோடு வரும் பொட்டலம், ஈ மொய்க்காது, மலிவு. கேரளத்தில் பூவன் பழத்தை நம் ஊர்ப் பெயரை நினைவூட்டும் விதமாகப் பாளையங்கோடன் என்கிறார்கள். அவர்கள் பெயரிலேயே சொல்லிவிட்ட பிறகும், பாளையங்கோட்டை மைதானத்தில் இடைவேளைக்கு நாம் கலர் புட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

காலைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் கதை வேறு. 6 மணிக்கு மைதானத்துக்கு வருபவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டால், ஒரு கட்டங்காப்பி குடித்தேன் என்பான். ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு அப்படியே பள்ளிக்கூடம் போவான். மதிய உணவு வரை அவன் வயிற்றில் ஒன்றும் இருக்காது. வகுப்பில் தூங்கி விழுவதாக மற்ற ஆசிரியர்கள் என்னிடம் குறை சொல்வார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பழமோ, நான்கு பேரீச்சம்பழமோ பயிற்சிக்கு முன்பும், ஒரு கும்பா பழைய சோறு பயிற்சிக்குப் பின்பும் போதும். பழைய சோற்றைப் பற்றி இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அற்புதங்களை நான் நம்புவதில்லை. அதில் சோறு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மோரும் உப்பும் சேர்த்தால் வியர்வையில் போனது திரும்பி வருகிறது, எளிதில் இறங்குகிறது. கானம் என்று நாங்கள் சொல்லும் கொள்ளுத் துவையலோ ஓர் அவித்த முட்டையோ சேர்ந்தால் புரதமும் வந்துவிடும். ஓடிவிட்டு வந்த பையனுக்கு இதற்குமேல் என்ன அற்புதம் வேண்டும்?

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பாளையங்கோட்டையில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. கடற்கரை ஊர்களில் வெப்பம் சற்றுக் குறைந்தாலும் காற்றின் ஈரப்பதம் அதை ஈடுகட்டிவிடும். இந்த வெயிலில் ஒருவனுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம், சிலருக்கு இரண்டு லிட்டர்கூடப் போகும். யாருக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு எடைப்பொறி போதும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அதை ஈடுசெய்ய, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒன்றரை லிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ஆட்டத்துக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு முன்பே கிலோ எடைக்கு 5 முதல் 7 மில்லி லிட்டர், அதாவது 50 கிலோ பையனுக்கு ஒன்றரை டம்ளர் அளவு, உள்ளே போயிருக்க வேண்டும். சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் நல்லது. கட்டங்காப்பி நிறத்தில் இருந்தால் அவனைக் களத்தில் இறக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

வெறும் தண்ணீரைக் காட்டிலும், ஒரு லிட்டருக்கு 60 கிராம் சீனியும் கால் தேக்கரண்டி உப்பும் இரண்டு எலுமிச்சம்பழச் சாறும் கலந்து கொடுப்பது ஆட்டத்தின் நடுவே நல்ல பலன் தரும். கடையில் விலை கூட்டி விற்கும் விளையாட்டுப் பானங்களில் இருக்கும் அளவும் ஏறத்தாழ இதுதான். சீனியை இதற்குமேல் கூட்டினால் வயிற்றில் தங்கி வலி எடுக்கும். கலரும் கோலி சோடாவும் இந்த வேலைக்கு உதவாது. சீனி மிகுதி, உப்புப் போதாது, வாயு வேறு வயிற்றை உப்ப வைக்கும். மருந்துக்கடையில், நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புச் சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். என்று கேட்டால், உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும் கொண்ட பொட்டலமாகப் பார்த்து வாங்க வேண்டும். அந்த அளவுக்கு உட்படாத இனிப்புப் பானங்கள் தங்கள் பெயரில் அந்த மூன்றெழுத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட நேர்ந்தது என்றால், எத்தனை பெற்றோர் ஏமாந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆற்றல் பானம் என்று விற்கும் காஃபீன் கலந்த பானங்கள் பிள்ளைகளுக்கு ஏற்றவையல்ல என்று அந்தப் புட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. அதைப் படிக்காமல் கோப்பைப் போட்டியன்று பெட்டி பெட்டியாக வாங்கித் தரும் அண்ணன்மார்களின் அன்பை என்னவென்று சொல்வது? இளநீரும் பதனீரும் நுங்கும் நம் மண்ணின் நல்ல பொருள்கள். ஆனால் வியர்வையில் முதன்மையாகப் போவது சோடியம் என்பதாலும், இளநீரில் அது குறைவு என்பதாலும், இளநீரோடு ஒரு சிட்டிகை உப்பு எங்கிருந்தாவது சேர வேண்டும்.

நடுவர்களும் இதில் உதவலாம். 2014 உலகக் கோப்பையில் ஃபோர்டலேசாவில் நடந்த நெதர்லாந்து, மெக்சிகோ ஆட்டத்தில் வெப்பத்தின் காரணமாக இடைநிறுத்தம் கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். ஆட்ட விதிகளின் 7-ஆவது பிரிவு, போட்டி விதிகள் அனுமதித்தால் நீர் அருந்த ஒரு நிமிடம் வரையிலும், உடலைக் குளிர்விக்க ஒன்றரை முதல் மூன்று நிமிடம் வரையிலும் ஆட்டத்தை நிறுத்த இடம் தருகிறது. நம் பகுதியில் மதியம் 2 மணி வெயிலில் நடக்கும் ஆட்டங்களில்கூட இதைக் கேட்டால், "டயம் இல்ல சார், லைட் போயிரும்" என்று பதில் வரும். காலையில் விருந்தினருக்காகக் காத்திருந்த இரண்டு மணி நேரத்தை மாலையில் பிள்ளைகளின் நாக்கிலிருந்து பிடித்தம் செய்கிறார்கள்.

இடைவேளையில் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரைப் பழம், எலுமிச்சை நீர், வேண்டுமானால் ஒரு துண்டு கருப்பட்டி. கருப்பட்டியும் பெரும்பாலும் சீனிச்சத்துதான், அந்த நேரத்துக்கு அதுவே தேவை.

ஆட்டம் முடிந்த பிறகு பரோட்டா சாப்பிடலாமா என்று பையன்கள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். ஊர் திரும்பும் வழியில் இரவு 9 மணிக்குத் திறந்திருப்பது அந்தக் கடை ஒன்றுதான் என்றால், தாராளமாகச் சாப்பிடச் சொல்வேன். மைதாவும் மாவுச்சத்துதானே! கூட இரண்டு முட்டையைச் சேர்த்துக்கொண்டு, எண்ணெய் மிதக்கும் சால்னாவைப் பார்த்து ஊற்றிக்கொண்டால் போதும். ஓடி முடித்த பிள்ளையைப் பட்டினியாகத் தூங்க வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஒவ்வொரு நாள் பயிற்சிக்குப் பிறகும் அதுவே உணவு என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

புரதத்தைப் பற்றிய அச்சம் பெற்றோரிடையே அதிகமாகிவிட்டது. டப்பாவில் வரும் பொடியை வாங்கித் தரலாமா என்று மாதம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். அதே ஐரோப்பிய அறிக்கையின்படி கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.6 முதல் 2.2 கிராம் புரதம் தேவை. 50 கிலோ பையனுக்கு 80 கிராமிலிருந்து தொடங்கலாம். அன்றாடம் உண்ணும் சோற்றிலேயே 20 கிராம் வந்துவிடும். 50 கிராம் பருப்பில் 11 அல்லது 12, அதே அளவு கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, இரண்டு முட்டையில் 12, ஒரு டம்ளர் பாலில் 6, நூறு கிராம் சாளை மீனில் 20 என்று கூட்டினால் பொடிக்கு வேலையே இல்லை. மீன் உண்ணாத வீடுகளில் கடலையையும் பாலையும் தயிரையும் கூட்டிக்கொள்ளலாம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் மாலைப் பயிற்சிக்குப் பிந்தைய சிறுதீனியாக எந்த வெளிநாட்டுப் புரதக் கட்டிக்கும் இளைத்ததில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவோடு முட்டையும் கிடைக்கிறது. 1956-இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்ட எட்டயபுரம் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த முட்டையைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிட்டு, மாலையில் பொடி வாங்கித் தரச் சொல்லி வீட்டில் அடம்பிடிக்கும் பையனையும் நான் பார்த்திருக்கிறேன்.

பெண் பிள்ளைகள் ஆடும் அணிகளுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் 59 சதவீதத்தினருக்கு இரத்தச்சோகை இருந்தது. இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தவள் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் மூச்சு வாங்கிக்கொண்டே இருப்பாள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, ஈரல் என்று எதைச் சாப்பிட்டாலும் கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்வதும், சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்காமல் இருப்பதும் உதவும். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறியாமல் இருப்பது அதைவிட உதவும். ஆனால் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது வேறொன்று. கழிப்பறை இல்லாத, இருந்தாலும் பூட்டிக் கிடக்கும் மைதானங்களுக்குப் போகும் நாள்களில் அவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். மேலே நான் எழுதிய கணக்கெல்லாம் அந்தப் பூட்டிய கதவின் முன்னே பயனற்றுப் போகிறது.

மேலப்பாளையத்துப் பிள்ளைகள் ரமலான் மாதத்திலும் பயிற்சியை விடமாட்டார்கள். அவர்களைக் காலையில் ஓடவிடாமல், நோன்பு திறப்பதற்குச் சற்று முன்பு இலேசான பந்துப் பயிற்சியும், நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கடும் பயிற்சியும் வைத்தால் சிரமம் குறையும். அரிசியும் பருப்பும் கறியும் சேர்ந்த அந்தக் கஞ்சி ஓடுபவனுக்கு நல்ல உணவு. நோன்பு தொடங்குமுன் விடியலில் உண்ணும் சஹரை எவ்வளவு பின்தள்ளிச் சாப்பிட முடியுமோ அவ்வளவு நல்லது. அந்த மாதத்தில் பகல் ஆட்டம் வைக்கும்போது மட்டும், அணியில் யார் யாருக்கு நோன்பு என்று நடத்துபவர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நேரம் குறிக்கலாம்.

இனி, போட்டி நடத்தும் கழகங்களுக்கும் தேவாலயப் பங்குப் பேரவைகளுக்கும் பள்ளிகளுக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக நான் கேட்டுக்கொள்வது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. டிராவை மூன்று நாளுக்கு முன்பே போட்டு, ஒவ்வோர் ஆட்டத்தின் நேரத்தையும் அழைப்பிதழில் அச்சிட்டு, அதை அணிகளுக்குக் கைப்பேசியில் அனுப்பிவிடுங்கள். நேரம் தவறினால் அரை மணிக்குள் அடங்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே அணிக்கு இரண்டு ஆட்டம் இருந்தால் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள். விருந்தினர் வந்த பிறகு தொடங்குவதற்குப் பதிலாக, நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தின் இடைவேளையில் அவருக்குப் பொன்னாடை போர்த்துங்கள். அவரும் ஓர் அரை ஆட்டமாவது பார்த்துவிட்டுப் போவார். வெளியூர் அணிகளுக்கு மதியம் கொடுக்கும் பிரியாணிப் பொட்டலத்தைப் பரிசளிப்பு முடிந்த பிறகு கொடுத்துவிட்டு, ஆட்டத்துக்கு முன் இட்லியும் பழமும் தயிர்ச்சோறும் கொடுங்கள். செலவு குறையுமே தவிரக் கூடாது. மைதானத்தின் ஓர் ஓரத்தில் பந்தலும், மூடிவைத்த குடிநீரும், பெண் பிள்ளைகள் ஆடுவதாக இருந்தால் திறந்திருக்கும் ஒரு கழிப்பறையும் இருக்கட்டும்.

அடுத்த மாதம் தொடங்கவிருக்கும் ஒரு பள்ளி அளவிலான போட்டியின் அழைப்பிதழ் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. வழவழப்பான தாளில், ஆறு பிரமுகர்களின் வண்ணப் படங்களோடு அழகாக அச்சிட்டிருக்கிறார்கள். கீழே சிறிய எழுத்தில், "அனைத்து அணிகளும் காலை 8 மணிக்கு வந்துவிட வேண்டும்" என்றிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.